பயிர் வைத்தவர் பெயரில் வரட்டும் பயிர் நிவாரணம்

வருவாய் நிர்வாக ஆணையர் அவர்களுக்கும், வருவாய்த் துறை, வேளாண்மை - உழவர் நலத்துறை அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் ஒன்றில் விவசாயம் செய்கிறேன். சொந்தமாக 6 மா இருக்கிறது. குத்தகைக்கு 15 மா பார்க்கிறேன். டெல்டாவுக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், 3 மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஆக, 2 ஏக்கருக்குப் பட்டா என் பெயரில் இருக்கிறது, 5 ஏக்கருக்கு இன்னொருவர் பெயரில் இருக்கிறது. உழுவதும், விதை வாங்குவதும், நடவுக்கு ஆள் கூப்பிடுவதும், உரத்துக்குக் கடன் சொல்வதும் 7 ஏக்கருக்கும் நான்தான்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வங்கக் கடலில் இருந்த தாழ்வு மண்டலம் இலங்கைப் பக்கம் கரையேறியது, மழை எங்கள் தலையில் கொட்டியது. தை மாதக் கடைசி. சம்பா முற்றி நின்ற நேரம். அறுவடை மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தேன், இரண்டு நாளில் வருவதாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வயலில் இறங்கினேன். பயிர் பாய் விரித்த மாதிரி படுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே தண்ணீர். ஒரு கை கதிரை அள்ளித் தூக்கிப் பார்த்தபோது மேல்பக்கம் நல்ல பொன்னிறமாகத்தான் இருந்தது. திருப்பிப் பார்த்தால், தண்ணீரில் கிடந்த பக்கம் ஒவ்வொரு மணியிலும் ஊசி முனை போல வெள்ளையாக முளை. கையை மூக்கருகே கொண்டுபோனால் புளித்த வாடை. அந்த வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தண்ணீரை வடிய விட்டு, சேறு இறுகக் காத்திருந்து, பெல்ட் வண்டி கிடைத்து அறுக்கும்போது பத்து நாள் ஓடிவிட்டது. டயர் வண்டி அந்தச் சேற்றில் இறங்காது. சாய்ந்த பயிரை எந்தப் பக்கமிருந்தும் அறுக்க முடியாது, சாய்ந்த திசை பார்த்துத்தான் அறுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு இரண்டரை மணி நேர வாடகை கொடுத்தேன். மாவுக்கு 11 மூட்டை காணும் வயல் அந்த முறை 5 மூட்டை கண்டது. அதிலும் கருக்காய், முளை விட்டது, நிறம் மாறியது எல்லாம் கலந்து.

அரசு அறிவித்தது சீக்கிரம்தான். சில நாட்களிலேயே, 33 சதவீதத்துக்கு மேல் பாதித்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு, 20,000 ரூபாய் என்று சொன்னார்கள். அதற்காக இன்றும் நன்றி சொல்கிறேன். பேரிடர் வந்தால் அரசு திரும்பிக்கூடப் பார்க்காத காலத்தை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பிறகு கணக்கெடுப்பு நடந்தது. கிராம நிர்வாக அலுவலரும் (வி.ஏ.ஓ.) உதவி வேளாண்மை அலுவலரும் வந்தார்கள். நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, பயிர்க் கணக்கான அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் கேட்டார்கள். 6 மாவுக்குக் கொடுத்தேன். மீதி 15 மாவுக்குச் சிட்டாவில் நில உரிமையாளர் பெயர் இருந்ததால் பாஸ்புக்கும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். எழுத வந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களிடம் கொடுத்திருந்த படிவத்தில் வேறு வழி இல்லை.

என் கணக்குக்கு 16,000 ரூபாய் சொச்சம் வந்தது. நான் நட்டு, களை எடுத்து, முளைத்த கதிரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேனே, அந்த 5 ஏக்கருக்கான 40,000 ரூபாய் சென்னையில் இருக்கும் உரிமையாளர் கணக்குக்குப் போனது. அவர் நல்ல மனிதர். தானே போன் செய்து, பணம் வந்திருக்கிறது என்று சொல்லி, பாதியை எனக்கு அனுப்பினார். குத்தகை நெல்லிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். எனக்கு வாய்த்தது அப்படி. எனக்கு அடுத்த வயல்காரருக்கு ஒரு ரூபாய் வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் வேறு கைக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் அந்த வருஷமும் மாவுக்கு 3 மூட்டை குத்தகை நெல்லைக் குறையாமல் அளந்தார். 5 மூட்டை கண்ட வயலில் 3 மூட்டை.

ஐயா, அம்மா, நான் கேட்பது ஒன்றுதான். இந்தப் பணத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயரே இடுபொருள் மானியம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான விதிகளிலும் அது அப்படித்தான் இருக்கிறது. நிலத்துக்குச் சேதம் என்றால், மண் மூடிப்போனால், அரித்துக்கொண்டு போனால், அதற்கு அந்த விதிகளில் தனித் தலைப்பும் தனித் தொகையும் இருக்கின்றன. அது உரிமையாளருக்குப் போகட்டும், நியாயம்தான். இடுபொருள் என்றால் விதை, உரம், மருந்து, கூலி. அதை வாங்கியவர் யாரோ அவருக்குத்தானே அந்த மானியம் சேர வேண்டும்?

வாங்கியது யார் என்று அரசுக்குத் தெரியாமலும் இல்லை. உரக் கடையில் பி.ஓ.எஸ். மெஷினில் ஆதார் எண் போட்டு, கைரேகை வைத்துத்தான் யூரியா மூட்டையைத் தூக்குகிறேன். 7 ஏக்கருக்கும் சேர்த்து வாங்கிய உரம் என் பெயரில் பதிவாகி இருக்கிறது. நல்ல வருஷத்தில் நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் போடும்போது, குத்தகை நிலத்து நெல்லுக்கும் வி.ஏ.ஓ. சான்று வாங்கிப் போடுகிறேன், பணம் என் கணக்குக்கு வருகிறது. விளைந்தால் நான் சாகுபடியாளர். அழிந்தால் மட்டும் அந்த இடத்தில் உரிமையாளர் பெயர் வந்துவிடுகிறது. இந்த ஒரு முரண்பாட்டை மட்டும் நேராக்கிக் கொடுத்தால் டெல்டாவில் ஆயிரக்கணக்கான வீடுகளில் விளக்கு எரியும்.

குத்தகை மட்டும்தான் சிக்கல் என்றும் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். கணவர் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. 4 மா நிலத்தை அவர்தான் பார்க்கிறார். பட்டா இன்னும் மாமனார் பெயரில். மாமனாரும் இல்லை. கொழுந்தனார்கள் மூன்று பேரில் இருவர் திருப்பூரில், ஒருவர் சிங்கப்பூரில். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், எல்லோருடைய கையெழுத்து என்று அவர் அலைந்த அலைச்சலை எழுதினால் இந்த மடல் போதாது. கணக்கெடுப்பு அன்று அந்த அக்கா ஒரு மஞ்சள் பையில் எல்லாக் காகிதங்களையும் கொண்டுவந்து வரப்பில் நின்றார். இறப்புச் சான்று இரண்டு, பழைய கிஸ்து (நிலவரி) ரசீது, கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்கிய பில். மழை ஈரத்தில் ரசீது ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, அதைக் கிழியாமல் பிரித்துக் காட்டினார். பட்டாதாரர் உயிரோடு இல்லை என்று ஓரமாக எழுதிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

கோயில் நிலம், மடத்து நிலம் பார்ப்பவர்கள் இன்னொரு கூட்டம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நான்கிலும் தலைமுறை தலைமுறையாக அந்த நிலங்களில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து அனுபவம் என்னவென்றால், குத்தகை பாக்கி இருந்தால், சாகுபடி செய்வது இவர்தான் என்று நிர்வாகத்தில் கடிதம் கிடைப்பது கஷ்டம். பாக்கி எப்படி வந்தது என்று பார்த்தால் முந்தைய வெள்ளத்தில் வந்ததாக இருக்கும்.

ஏன் குத்தகையை எழுத்தில் வைத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம். 1955-லேயே சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யவே தனிச் சட்டம் வந்தது. இரண்டும் எங்களைப் போன்றவர்களுக்காகப் போராடி வாங்கிய சட்டங்கள், அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஊரில் நடப்பது வேறு. எழுத்தில் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று உரிமையாளர்கள் பயப்படுகிறார்கள். அதனால் இன்றைக்குக் குத்தகை எல்லாம் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். சித்திரையில் வெற்றிலை பாக்கு வைத்துப் பேசுகிறோம், தையில் நெல் அளக்கிறோம். அந்தப் பயத்தைப் போக்காமல் கையெழுத்து வாங்கி வா என்று எங்களை அனுப்பினால், வெறுங்கையோடுதான் திரும்பி வருவோம்.

ஆந்திரத்தைப் பாருங்கள். 2011-ல் குத்தகை விவசாயிகளுக்குக் கடன் தகுதி அட்டை கொடுக்கச் சட்டம் போட்டார்கள். 2019-ல் அதை மாற்றி, 11 மாதத்துக்குச் செல்லும் சாகுபடியாளர் உரிமை அட்டை என்று கொண்டுவந்தார்கள். உரிமையாளருக்கு நிலம் பற்றிய பயம் இருக்கக் கூடாது என்றுதான் அந்த 11 மாதம். நல்ல யோசனை. ஆனால் அட்டைக்கு உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்று வைத்தார்கள், அங்கேதான் பல பேருக்கு வழி அடைத்துக்கொண்டது. நாம் அந்த நல்லதை எடுத்துக்கொண்டு அந்தத் தடையை விட்டுவிடலாம். நிவாரணத்துக்கு மட்டும் செல்லும் ஒரு சாகுபடிப் பதிவு. அந்தப் போகத்துக்கு மட்டும். இதை வைத்து யாரும் குத்தகை உரிமை கோர முடியாது, இது எந்த நீதிமன்றத்திலும் சான்று ஆகாது என்று அதிலேயே அச்சடித்துவிடுங்கள். கையெழுத்துக்கு உரிமையாளரிடம் போக வேண்டாம், ஊர் அறிய விசாரித்து எழுதுங்கள்.

ஊருக்குத் தெரியாத சாகுபடி கிடையாது. எந்த வயலுக்கு யார் தண்ணீர் கட்டினார், எந்த வயலுக்கு டிராக்டர்காரர் யாரிடம் காசு வாங்கினார், நடவுக்குப் போன பெண்களுக்குக் கூலி கொடுத்தது யார், எல்லாம் ஊர் வாயில் இருக்கிறது. அடங்கல் என்ற கணக்கே எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதத்தானே ஏற்பட்டது? ஒவ்வொரு பசலிக்கும், அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டுக்கும், வயலில் நடந்து பார்த்து அதை எழுதினால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். இரண்டு மூன்று கிராமத்தை ஒரே வி.ஏ.ஓ. கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும்போது அது நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். காலியிடங்களை நிரப்புங்கள் என்று அவர்கள் கேட்பதும் எங்கள் கோரிக்கைதான்.

பொய்யாகப் பெயர் சேர்த்துவிடுவார்கள் என்ற கவலை உங்களுக்கு இருக்கும். 2020-ல் பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயிகளே அல்லாத லட்சக்கணக்கானோர் பெயரில் 110 கோடி ரூபாய் வரை போனதை எல்லோரும் பார்த்தோம். அது எப்படி நடந்தது? கடவுச்சொல் வெளியே போய், கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து பெயர் ஏற்றினார்கள். ஊரில் யாருக்கும் பட்டியல் தெரியாது. அந்தப் பட்டியலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், நிவாரணப் பட்டியலைப் பணம் போடும் முன்னால் வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். சர்வே எண், பரப்பு, சாகுபடி செய்தவர் பெயர், பாதிப்பு எவ்வளவு. ஏழு நாள் ஆட்சேபத்துக்கு விடுங்கள். விட்டுப்போன பெயரும் தெரியும், கூடாத பெயரும் தெரியும்.

அப்புறம் அந்த 33 சதவீதம். 2015 வரைக்கும் பாதிக்குப் பாதி அழிந்தால்தான் நிவாரணம், அதை 33 ஆகக் குறைத்தது பெரிய உதவி. ஆனால் 33-ஐ எப்படி அளக்கிறீர்கள்? ரோட்டில் வண்டியை நிறுத்தி, படுத்துக் கிடந்தால் சேதம், நின்றுகொண்டிருந்தால் சேதமில்லை என்று எழுதிய கணக்கெடுப்பை நான் பார்த்திருக்கிறேன். பூக்கும் நேரத்தில் நாலு நாள் விடாமல் மழை அடித்தால் மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும். பயிர் நேராகத்தான் நிற்கும், ரோட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் பச்சையாகத்தான் தெரியும். ஒரு மாதம் கழித்துக் கதிரைக் கசக்கினால் பாதிக்குப் பாதி பதர், ஊதினால் பறந்துவிடும். அந்த விவசாயி அந்த மாதமே போய் முறையிட வழியில்லை, ஏனென்றால் அவருக்கே அப்போது தெரியாது. பிறகு போனால் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது என்பார்கள். பூக்கும் பருவத்தில் மழை பெய்த ஊர்களுக்கு அறுவடைக்கு முன் ஒரு முறை மறுபடி வாருங்கள். வேளாண்மைத் துறையில் இதை அறிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டாலே சொல்வார்கள்.

தொகையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு 2021 ஜனவரியில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் கொடுத்தார்கள். 2023 பிப்ரவரியிலும் அதுவேதான். அதே 2023-ல் காவிரியில் தண்ணீர் வராமல் குறுவை காய்ந்தபோது 13,500 ரூபாய். அந்தக் குறுவைக்குப் பயிர்க் காப்பீடும் கிடையாது. அந்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் தென் மாவட்ட வெள்ளத்துக்கும் 17,000. 2024 ஃபெஞ்சலுக்கும் 17,000. மத்திய விதியில் அப்போது இருந்த தொகை அதுதான் என்பது புரிகிறது. ஆனால் மாநில அரசு முன்பு அதற்கு மேல் கொடுத்திருக்கிறது. 17,000 என்றால் ஏக்கருக்கு 6,900 ரூபாய்கூட வராது, மாவுக்கு 2,300. 2023 சம்பாவுக்கு என் கணக்கு நோட்டில் ஏக்கருக்கு 27,400 ரூபாய் செலவு எழுதியிருக்கிறேன், குத்தகை நெல் சேர்க்காமல். தொகை கூடினால் நல்லது, கூட வேண்டும். ஆனாலும் எந்தத் தொகையானாலும் அது தப்பான கணக்குக்குப் போய்ச் சேர்ந்தால் எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

காப்பீட்டில் குத்தகைதாரரும், விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிர் செய்யும் வாரதாரரும் சேரலாம் என்று பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் இருந்த தேசிய விவசாயிகள் ஆணையம் அறிக்கை கொடுத்து, 2007-ல் வந்த தேசியக் கொள்கை, விவசாயி என்ற சொல்லுக்குள் குத்தகைதாரரையும் வாரதாரரையும் விவசாயக் கூலித் தொழிலாளரையும் சேர்த்தே எழுதியது. நாடே ஒப்புக்கொண்ட விளக்கம் அது. கூலித் தொழிலாளர்களைப் பற்றி இந்த மடலில் நான் போதுமானபடி எழுதவில்லை. பயிர் அழிந்த வருஷம் அறுப்பும் இல்லை, கட்டுச் சுமக்கும் வேலையும் இல்லை, அவர்களுக்கு வேலை போன நாளுக்கு யாரும் கணக்கெடுப்பதே இல்லை. அதை அவர்கள் சார்பில் யாராவது தனியாக எழுத வேண்டும்.

இப்போது இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கும் வேலை 2025-லிருந்து நடக்கிறது. முகாமில் வரிசையில் நின்று நானும் என் 6 மாவுக்கு எண் வாங்கினேன். 15 மாவைப் பற்றி அந்தத் திரையில் கேட்கவே இல்லை. அது பட்டாவோடு மட்டும் இணைந்த எண். நாளைக்கு நிவாரணம், காப்பீடு, உர மானியம் எல்லாம் அந்த எண் வழியாகத்தான் என்றால், இன்றைக்கு உரிமையாளரின் நல்ல மனசால் கிடைக்கும் பாதியும் எங்களுக்கு எட்டாமல் போகலாம். மென்பொருள் முழுதாக இறுகிவிடும் முன் அதில் ஒரு கட்டத்தைச் சேருங்கள்: இந்தப் போகத்தில் சாகுபடி செய்பவர் யார்?

எங்கள் ஊரில் ஐப்பசிக்குள் சம்பா நடவு முடிந்துவிடும். மழை அதற்குப் பின்னால்தான் வரும். அடங்கலில் இந்தப் பசலிக்கான சம்பாவை எழுத வி.ஏ.ஓ. வரும் நாளில், பட்டாதாரர் பெயருக்குப் பக்கத்தில் சாகுபடியாளர் பெயரையும் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் எழுத வேண்டும், பேரிடர் வந்தால் இடுபொருள் மானியம் அந்தக் கணக்குக்கே போக வேண்டும் என்று ஓர் அரசாணை வேண்டும். புதுச் சட்டம் தேவைப்படாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் ஊருக்கு நீங்கள் வந்தால் முதலில் அந்த அக்காவின் 4 மாவைப் பாருங்கள், பிறகு என் வயலுக்கு வரலாம்.

மரியாதையுடன்,
நாகை மாவட்டக் கடைமடை விவசாயி ஒருவன்